ஈசானிய மூலைக்கு ஓடிய தண்ணீர்

லண்டனின் குட்மேய்ஸ் பக்கத்தில் கார் வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கார் ஓடுவது பெரிய வித்தை இல்லை, அதை நிறுத்துவதுதான் வித்தை என்பார்கள். சிவகௌரியின் கணவர் பாலேந்திரா லண்டன் பஸ்ஸைக் காலமெல்லாம் ஓட்டி ஓய்வு பெற்ற மனுசன். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டு வாசலில் தன் காரை நிறுத்த இடமில்லாமல் தெருத் தெருவாகச் சுற்றுவார். இரண்டு தெரு தள்ளி ஒரு இடம் அகப்பட்டால் முகத்தில் ஒரு தெளிவு. அகப்படாவிட்டால் அன்றைக்குக் கறியில் உப்பில்லை, சொதியில் புளியில்லை என்று குறை. முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். நொண்டி நொண்டி நடந்து வந்து, வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி, முன்முற்றத்து ரோசாச் செடியை ஒரு தரம் முறைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"உந்தத் துண்டு நிலத்தை மூடினால் எங்கடை கார் எங்கடை வாசலிலை நிக்கும், கௌரி."

"அப்ப ரோசா?"

"ரோசாவுக்கு லைசன்ஸ் இருக்கோ? அதென்ன, கார் ஓடப்போகுதோ?"

சிவகௌரி சிரித்தாள். பகிடி என்று நினைத்துவிட்டாள். முப்பது வருசத்துக்கு மேலாக ஒரு மனிதரோடு குடியிருந்தும், எது பகிடி எது நிசம் என்று சில வேளை தெரியாமல் போகிறது பாருங்கள்.

அந்த ரோசாவை அவள் கணவரைக் கண்ட அதே நாளில்தான் கண்டாள். இரண்டும் ஒரே படத்தில் இருந்தன. யாழ்ப்பாணத்துக்குத் தபாலில் வந்த படம். இளஞ்சிவப்பு ரோசாக் கொத்துக்கு முன்னால் மண்ணிறக் கோட்டுப் போட்ட ஒரு இளந்தாரி, விறைத்துப்போய் நின்றார். கோட்டின் கை விரல் நுனி வரைக்கும் தொங்கியது. வீட்டில் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். சிவகௌரி பூவையும் பார்த்தாள். இப்படிப் பூக்கிற முற்றத்தில் இருக்கிறவன் எப்படியும் மோசமானவனாக இருக்கமாட்டான் என்று அவளுக்குப் பட்டது. அம்மாவுக்குத்தான் ஒரு குறை. படத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "பிள்ளை, உவர் சிரிக்கிற மனுசனாத் தெரியேல்லையே" என்றா. சிவகௌரி விமானம் ஏறுகிற அன்றைக்கும் அதையேதான் சொன்னா. பிறகு சண்டை, இடப்பெயர்வு என்று எல்லாம் வந்து, மருமகனை ஒரு நாளும் நேரில் பார்க்காமலே அம்மா வன்னியில் கண்ணை மூடிவிட்டா. அந்தச் சொல் மட்டும் சிவகௌரியோடு லண்டனில் தங்கிவிட்டது.

ஹீத்ரோவில் அவள் தேடியது அந்தக் கோட்டைத்தான். கண்டாள். கோட்டுப் போட்டவரைப் பார்த்து வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தும் விட்டாள். நல்லகாலம், பக்கத்தில் கம்பளிச் சட்டையோடு நின்றவர் பதறியடித்து முன்னுக்கு வந்து, "நான்தான் பாலேந்திரா" என்றார். கோட்டுக்குச் சொந்தக்காரர் கூட்டாளி. துணைக்கு வந்த மனுசன் குளிருக்குத் தன்னுடைய கோட்டைத் தானே போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த வீடு அப்போது இளந்தாரிகள் ஒரு கூட்டமாய் வாடகைக்கு இருந்த வீடு. ஒருவன் பெற்றோல் நிலைய ஷிப்டுக்குப் போக எழும்பினால், வேலை முடிந்து வந்தவன் அந்தச் சூடு ஆறுமுன் அதே கட்டிலில் விழுவான். அத்தனை பேருக்கும் கோட் ஒன்றுதான், ரோசாவும் ஒன்றுதான். ஒருவனுக்கு ஊரிலிருந்து கலியாணப் பேச்சு வந்தால் அவன் கோட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு ரோசாவுக்கு முன்னால் போய் நிற்பான். பக்கத்து வீட்டுக் கத்தரின் தன் கமராவோடு வெளியே வருவா. அங்கே அத்தனை பேருக்கும் படம் பிடித்தது அவதான். "சிரி, சிரி" என்று கெஞ்சுவாவாம். ஒருத்தனும் சிரிக்கமாட்டானாம். பாஸ்போட்டுக்கு நிற்கிற மாதிரி நிற்பார்களாம்.

பிறகு விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் பெண்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்த விதம்தான் வேடிக்கை. பொங்கலுக்கு வரிசையில் நிற்கும்போது ஒருத்தி தன் கதையைத் தொடங்குவாள். "எனக்கு வந்த படத்திலையும் ஒரு ரோசா" என்பாள் அடுத்தவள். "மண்ணிறக் கோட்டோ? கை நீட்டோ?" என்று மூன்றாமவள் முன்னுக்கு வந்து கேட்பாள். அதோடு பூசையாவது ஒன்றாவது. வயிறு நோகச் சிரிப்பார்கள். "நீங்களும் ரோசா வீட்டாக்களோ?" என்பது அவர்களுக்குள் ஒரு சொந்தமாகவே ஆகிவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் வேறு இடங்களுக்குப் போக, வீட்டுக்காரர் விற்கிறபோது பாலேந்திரா இந்த வீட்டையே வாங்கினார். ஆகவே ரோசா சிவகௌரிக்கு வந்து சேர்ந்தது.

ரோசாவோடு கத்தரினும் வந்தா. கத்தரின் பேசுவது ஆங்கிலம். ஆனால் இவ்வளவு கால மதில் கதையில் அது சிவகௌரியின் காதில் எப்போதோ தமிழாகிவிட்டது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது கத்தரின். ரோசாவை எந்தக் காலத்தில் எந்தக் கணுவுக்கு மேலே வெட்டவேண்டும் என்று காட்டியதும் அவதான். வெட்டிய தடிகளைக் குப்பையில் போடவிடமாட்டா. மதிலுக்கு மேலால் வாங்கிக்கொண்டு போய்த் தன் பின்வளவில் ஊன்றுவா. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன முதல் நாள், மகள் ஜதுர்ஷிகா பட்டம் வாங்கிய நாள், எல்லாவற்றுக்கும் அந்தச் செடிக்கு முன்னால்தான் படம். இப்போது கத்தரினுக்கு எண்பது தாண்டிவிட்டது. தனியாக, நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறா. காலையில் சிவகௌரி வாசலுக்கு வந்ததும் முதலில் பார்ப்பது கத்தரினின் ஜன்னல் திரை விலகியிருக்கிறதா என்றுதான்.

சரி, பாலேந்திராவின் நிலத்துக்கு வருவோம். சொந்தக்காரப் பெடியன் கிருஷாந்த், வீட்டு வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன், சிவகௌரி வீட்டில் இல்லாத ஒரு நாள் வந்து முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணை, ரெண்டு விசயம் இருக்கு. கார் நடைபாதையைக் கடந்து உள்ளை வாறதெண்டால் கவுன்சில் ரோட்டோரக் கரைக்கல்லை இறக்கித் தரவேணும். அதுக்கொரு அப்ளிகேஷன். மற்றது மழைத்தண்ணி. இவ்வளவு இடத்தையும் தண்ணி இறங்காமல் மூடிறதெண்டால் பிளானிங் பேர்மிஷன் கேக்கவேணும். தண்ணி கீழை இறங்கிற கல்லுப் போட்டால், இல்லாட்டில் ஓரத்திலை மண்பாத்தி விட்டுத் தண்ணியை அதுக்குள்ளை வடியவிட்டால், அந்தப் பேர்மிஷன் தேவையில்லை. ரோட்டிலை மட்டும் விடேலாது."

அப்ளிகேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் பாலேந்திராவின் முகம் ஒடுங்கியது. சிவகௌரி அங்கே நின்றிருந்தால் அந்த முகத்தை அடையாளம் கண்டிருப்பாள். படத்தில் இருந்த அதே முகம். அந்தப் படம் எடுத்த மறுநாள்தான் அவருக்குக் குரோய்டனில் அகதி விசாரணை இருந்ததாம். ஒரு கேள்விக்குப் பதில் பிசகினால் திருப்பி அனுப்பிவிடுவான் என்ற பயத்தோடு ரோசாவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். கலியாணமாகி எத்தனையோ வருசத்துக்குப் பிறகுதான் அதை அவளிடம் சொன்னார். அவர் இந்த நாட்டுப் பிரஜையாகி, வரி கட்டி, பென்ஷனும் எடுக்கிறார். ஆனாலும் அரசாங்கத்துக்கு ஒரு தாளை நிரப்பிக் கொடு என்றால் உள்ளங்கை இன்னும் வியர்க்கிறது.

"கொங்கிறீற் போடு" என்றார். "ஆருக்குத் தெரியப்போகுது?"

"தண்ணி?"

இங்கேதான் மனுசனுக்கு வாஸ்து வந்து துணை நின்றது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து யூடியூபில் வாஸ்துவைப் பார்த்து அரைப் பண்டிதராகியிருந்தார். "தண்ணி ரோட்டுப் பக்கம் போகக்கூடாதெண்டு கவுன்சில் சொல்லுதோ? வாஸ்துவும் அதைத்தான் சொல்லுது! ரோட்டு எங்களுக்கு மேற்கு. மேற்காலை தண்ணி ஓடினால் வீட்டுச் செல்வமெல்லாம் ஓடிப்போம். ஈசானிய மூலைக்குச் சரிச்சு விடு. வடகிழக்கு மூலைக்குத் தண்ணி ஓடின வீடு ஒரு நாளும் கெட்டதில்லை."

மேற்குப் பார்த்த வீட்டின் முன்முற்றத்துக்கு வடகிழக்கு மூலை எது? வீட்டுச் சுவரோடு ஒட்டின மூலை. அதுவும் கத்தரின் வாசற்படிக்குப் பக்கத்து மூலை. கத்தரின் வீடு ஒரு படி பள்ளம் வேறு. கிருஷாந்த் தலையைச் சொறிந்தான். "அங்கையாவது கொஞ்சம் மண் விடுவம் அண்ணை" என்று கேட்டுப் பார்த்தான். மண் விட்டால் காரின் பின்பக்கம் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும் என்று பாலேந்திரா மறுத்துவிட்டார். வேலை தருகிறவர், வயதுக்கு மூத்தவர், அவனும் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

பேரப்பிள்ளைக்குச் சுகமில்லை என்று குரோய்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சிவகௌரி திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. படலை இல்லை, முன்மதில் இல்லை, ரோசா இல்லை. சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஒரு கொங்கிறீற். அதன் மேல் கார் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. பாலேந்திரா இரண்டு பலகையைப் போட்டுக் கரைக்கல்லுக்கு மேலால் அதை ஏற்றியிருந்தார்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் மனுசன் தப்பியிருப்பார். "சோறு மேசையிலை இருக்கு" என்று சுவருக்குச் சொன்னாள். "மருந்து குடிக்கிற நேரமாச்சு" என்று ரீவிக்குச் சொன்னாள். அவர் ஈசானியத்தின் மகிமையைச் சொல்லத் தொடங்கினால் எழும்பிப் பின்வளவுக்குப் போய்விடுவாள். உண்மையில் அவளுக்குக் கோபத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. அம்மா பார்த்த பூ அது. அம்மாவும் தானும் சேர்ந்து பார்த்த ஒரே லண்டன் அதுதான். அதை எப்படி அவருக்குச் சொல்லுவது?

இலையுதிர் காலம் வந்தது, மழையும் வந்தது. லண்டன் மழை என்றால் பெய்கிறதா இல்லையா என்று கையை நீட்டிப் பார்க்கவேண்டிய மழை. அந்த வருசமோ ஊர் மாரி மாதிரி ஊற்றிக் கொட்டியது. கொஞ்ச நாளில் கத்தரின் வீட்டு நடையில் ஈர மணம். கம்பளம் கால் வைத்தால் சளசளத்தது. தரைப்பலகை புடைத்து எழும்பியது. கத்தரினின் தங்கை மகன் கென்ட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தான். வீடு பழசாகிவிட்டது, பெரியம்மாவும் பழசாகிவிட்டா, இனித் தன் ஊர்ப்பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்ப்போம் என்றானாம். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தரின் இதைச் சொன்னா.

"புதுவருசம் பிறக்க நான் போறன், கௌரி. வீட்டுக்கு வயசாகிட்டுது. அதோடை ஆர் சண்டை பிடிக்கிறது?"

கத்தரின் போவதா? காலையில் யாருடைய ஜன்னலைப் பார்ப்பது? திரும்பி வரும்போது சிவகௌரி படியில் நின்று சுவரைப் பார்த்தாள். வாசற்படிக்கு அருகே, தரைப்பலகைக்குக் கீழே காற்றோட்டத்துக்காகப் பதித்த ஓட்டைக்கல். அதன் வாயெல்லாம் சேறு. இந்தப் பக்கம் தங்கள் கொங்கிறீற்றின் மூலையில் தண்ணீர் குளம்போலத் தேங்கி நின்றது.

வீட்டுக்குள் போனவள் அன்றைக்குத்தான் கணவரின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "இஞ்சருங்கோ, கத்தரின் வீட்டுக்குள்ளை போறது எங்கடை தண்ணி."

"சும்மா விசர்க்கதை கதையாதையும். அது அவவின்ரை பழைய பைப்."

மழை விட்டிருந்த நேரம். சிவகௌரி குசினிக்குள் போய் வாளியில் தண்ணீர் பிடித்தாள். மஞ்சள்தூள் டப்பாவை அப்படியே அதில் கவிழ்த்துக் கலக்கினாள். வெளியே வந்து, படலை இருந்த இடத்தில் நின்று, கவிழ்த்து ஊற்றினாள்.

பாலேந்திரா வாசலில் நின்று பார்த்தார். மஞ்சள் தண்ணீர் ரோட்டுப் பக்கம் ஒரு துளி போகவில்லை. காருக்குக் கீழால் நுழைந்து, நேரே ஈசானிய மூலைக்கு ஓடியது. அங்கே குளத்தோடு கலந்து கொஞ்சம் தயங்கியது. பிறகு மெல்லக் கரையைத் தாண்டி, கத்தரினின் ஓட்டைக்கல்லுக்குள் மளமளவென்று இறங்கியது. சுவரில் மஞ்சள் கோடு ஒன்று விழுந்தது.

வாஸ்துப் பண்டிதரின் வாயில் ஈ போனாலும் தெரியாது. கடைசியில், "கவுன்சிலுக்குத் தெரிஞ்சால்..." என்று இழுத்தார். மறுபடியும் அந்தக் குரோய்டன் முகம்.

"உங்கடை கவுன்சிலும் நீங்களும்! அந்த மனுசி உங்களைப் படம் பிடிச்சுத் தந்திராட்டில் நான் இஞ்சை இல்லை, உங்கடை பிள்ளையளும் இல்லை. அவ வீட்டை விட்டுப் போகப்போறா, தெரியுமோ? போய்ச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன், ஆனால் அதுக்குப் பிறகு சுவரோடைதான் என்ரை கதை, சாகுமட்டும்."

அவர் சப்பாத்தைப் போட்டார். இரண்டு தரம் கழற்றி இரண்டு தரம் போட்டார். கத்தரின் கதவைத் தட்டும்போது பின்னால் சிவகௌரியும் நின்றாள். நடையில் காலை வைத்ததும் புடைத்த பலகை கிறீச்சிட்டது. பாலேந்திரா தன் பஸ் ஆங்கிலத்தில், வழமையாக ஓடும் சொற்களெல்லாம் நின்றுபோக, ஒரு மாதிரிச் சொல்லி முடித்தார். கொங்கிறீற்றைச் சொன்னார், சரிவைச் சொன்னார், மஞ்சளையும் சொன்னார். ஈசானிய மூலை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையால் காட்டினார். "என்ரை பிழைதான்" என்று தலையைக் குனிந்தார்.

கத்தரின் நடைச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு கேட்டா.

"அப்ப வீடு பழசாகேல்லையோ?"

"இல்லை."

"நான் போகத் தேவையில்லையோ?"

"போகவேண்டாம், கத்தரின்" என்றாள் சிவகௌரி.

கத்தரின் சிரிக்கத் தொடங்கினா. கண்ணால் தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு. "உன்ரை பிழையா இருந்தது எவ்வளவு நல்லது, பாலா! நான் என்ரை பிழை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்!" சிரித்து ஓய்ந்த பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஆனால் அந்த ரோசாவுக்கு உன்னை மன்னிக்கமாட்டன்" என்றா. அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. பாலேந்திரா ஓம் என்று தலையாட்டினார்.

கிருஷாந்த் மறுபடி வந்து கொங்கிறீற்றை உடைத்தான். தண்ணீர் இறங்கும் கற்களைப் பதித்து, சரிவை இரண்டு வீட்டுச் சுவர்களை விட்டும் விலக்கி, ரோட்டுப் பக்கத்து மூலையில் அகலமாக மண்பாத்தி விட்டான். "இது வாயு மூலையெல்லோ? வாயு மூலைக்குத் தண்ணி போகலாமோ?" என்று பாலேந்திரா மெதுவாகக் கேட்டார். "போகலாம். நான் சொல்லுறன்" என்றாள் சிவகௌரி. அதோடு வாஸ்து முடிந்தது. கத்தரின் வீட்டுத் தரைப்பலகையைக் கழற்றிக் காயவிட்டுப் புதிதாக அடித்துக் கொடுத்தார்கள். கரைக்கல்லை இறக்குவதற்கான அப்ளிகேஷனை ஜதுர்ஷிகா வந்து நிரப்பினாள். "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ஃபோர்ம். கையெழுத்து வைங்கோ" என்றாள். பேனையை எடுக்கமுன் உள்ளங்கையை இரண்டு தரம் துடைத்தார். இருந்தாலும் வைத்தார். அந்த அனுமதி வரும்வரை நடைபாதைக்கு மேலால் ஏற்றக்கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆக, இவ்வளவு பாடு பட்ட பிறகும் கார் பழையபடி இரண்டு தெரு தள்ளித்தான் நின்றது.

புதுவருசம் பிறந்தது. கத்தரின் எங்கும் போகவில்லை. குளிர் போன பிறகு தன் பின்வளவிலிருந்து ஒரு சாடியை எடுப்பித்தா. ஒரு காலத்தில் சிவகௌரி வெட்டிக் கொடுத்த தடி, அங்கே வேர் விட்டுச் செடியாகியிருந்தது. அதைப் பாத்தியில் வைத்தார்கள். கோடை தொடங்க அதே இளஞ்சிவப்பில் பூ வந்தது.

ஒரு நாள் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. சிவகௌரி குடையோடு பாத்திக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரின் தன் வாசல் கூரைக்குக் கீழே கதிரை போட்டு அமர்ந்திருந்தா. அனுமதி இன்னும் வராததால் காரை எங்கோ விட்டுவிட்டு, நனைந்து, நொண்டி நொண்டி வந்த பாலேந்திரா அவளருகே நின்றார். குனிந்து பார்த்தார். கற்களின் மேல் விழுந்த மழை இடுக்குகளுக்குள் போயிற்று, மிஞ்சியது பாத்திக்கு ஓடி மண்ணுக்குள் போயிற்று. மூலையில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை.

"இறங்குது!" என்றார் சின்னப்பிள்ளை மாதிரி. "கௌரி, இறங்குது பாரும்!"

"பாலா! இஞ்சை பார்!" கத்தரின் கூப்பிட்டா. சிவகௌரி கொடுத்துவைத்திருந்த போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தா. இந்த முறை சிரி என்று சொல்லவேண்டி வரவில்லை. அவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சிவகௌரி படத்தைப் பார்த்தாள். ரோசா, குடை, தான், பக்கத்தில் நனைந்துபோய்ச் சிரிக்கிற ஒரு கிழவர். இத்தனை வருசத்தில் அந்தப் பூவுக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றும் இருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடனே அனுப்பவேண்டும் என்று கை பரபரத்தது. மகளுக்கு அனுப்பினாள், ரோசா வீட்டுப் பெண்களுக்கு அனுப்பினாள். அப்படியும் கை நிற்கவில்லை. யாரோ ஒருவருக்கு இன்னும் அனுப்பவில்லை என்று அடித்துக்கொண்டது.

சாமியறைக்குப் போனாள். அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கை ஒதுக்கிவிட்டுப் போனைச் சாய்த்து வைத்தாள்.

"சிரிக்கிறார் அம்மா" என்றாள். "பாருங்கோ."